மணலில் நாற்பது பீட்ரூட்

என் மனைவியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு. குறைந்தது பத்து இருந்தால்தான் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறைந்த இரண்டு புள்ளி இரண்டை வீட்டுப் பின்பக்கத்து மணலில் பயிர் செய்து எடுத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். ஐம்பத்திரண்டு வயதில், முழு நினைவோடு எடுத்த முடிவு.

டாக்டர் செங்கல்பட்டில் இருக்கிறார். அதிகம் பேசாத பெண்மணி. கர்ப்பப்பையில் கட்டிகள், பயப்படும்படியான வகை இல்லை, ஆனால் மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

“மாத்திரையில ஏறுதான்னு பார்ப்போம். பொங்கல் முடிஞ்சதும் பண்ணிடலாம். ஏறலன்னா ரத்தம் ஏத்திட்டுத்தான் பண்ணணும்” என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவி, “பத்துக்கு ஏழு புள்ளி எட்டு. என் கிளாஸ்ல இது ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றாள். கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ‘ரத்தம் ஏத்தணும்’ என்று டாக்டர் சொன்னபோது மேசைக்கடியில் என் சட்டைக் கையைப் பிடித்தவள், கார் நிறுத்தும் இடம் வரை விடவில்லை.

எங்கள் மகள் பிறந்தபோது அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கால்வாசி இறங்கியிருக்கும், உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து குழாயை மூடும்வரை அந்த இரும்புக் கட்டிலின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. நான் அந்தச் சத்தத்தை மறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மறந்துவிட்டதாக நான் நடித்துக்கொண்டிருக்கிறேன். “இப்போ எல்லாம் நல்லா டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவோம், பயப்படாதீங்க” என்று டாக்டர் சொன்னபோது இருவரும் ஒன்றாகத் தலையாட்டினோம். அடுத்த பரீட்சையில் நன்றாகப் படித்துவிடுவான் என்று டீச்சர் சொல்லும்போது பெற்றோர் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல்.

பீட்ரூட் எப்படி உள்ளே வந்தது என்றால், எல்லோரும் சொன்னார்கள். பள்ளியில் சொன்னார்கள், என் அலுவலக வண்டியில் சொன்னார்கள், பெங்களூரிலிருந்து மகள் தொலைபேசியில் சொன்னாள். சிவப்பாக இருக்கிறது, ஆகவே ரத்தம் ஊறும். இந்த மாதிரி தர்க்கத்தைக் கிண்டல் செய்தே நண்பர்களை இழந்தவன் நான். இருந்தாலும் வாங்கினேன், காயை அல்ல, விதையை. காய் வாங்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு இருந்த பயத்துக்கு ஐந்து நிமிட வேலை போதாது.

அவளுக்குப் பீட்ரூட் பிடிக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

“கழுவாத மண்ணைத் தின்ன மாதிரி இருக்கும்” என்றாள்.

“நாமே விளைச்சா அப்படி இருக்காது.”

“நாமே விளைச்சா நம்ம மண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், ஒரு காலத்தில் வேர்க்கடலைக் கொல்லையாக இருந்து மனையாக மாறிய இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் மூன்று கட்டில் போடும் அளவுக்கு இடம். தோண்டினால் மணல், மணலில் கிளிஞ்சல் துண்டுகள். கிணற்றுத் தண்ணீரில் லேசாக உப்பு. இணையத்தில் தேடியதில் பீட்ரூட் உப்பைத் தாங்கும், மணலில் நன்றாக வரும் என்று இருந்தது. கார்த்திகை பிறந்ததும் விதையை ஊறவைத்து ஊன்றினேன். மிச்ச விதையை மருத்துவமனை ஃபைலில் இருந்த ஏதோ ஒரு தாளில் மடித்து அலமாரியில் வைத்தேன். அறுபத்தைந்து நாள் பயிர். நாள்காட்டியில் எண்ணினால் பொங்கல் கழித்து நாலைந்து நாளில் அறுவடை. இவ்வளவு சரியாகப் பொருந்திவந்ததில், பிரபஞ்சமே எனக்காக ஒரு செயல்திட்டம் வகுத்திருப்பது போலத் தோன்றியது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மனை இருக்கும் கொல்லை முன்பு அவர் குடும்பத்துடையதுதான். இப்போது அவர் மறைமலைநகர்த் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸைத் தெருமுனையில்தான் நிறுத்திவைப்பார்.

“இன்னா சார் நட்டுகினு கீறீங்க?”

“பீட்ரூட்.”

“இந்த மண்ணுலயா? வேர்க்கடல வரும். தர்பூசணி வரும். பீட்ரூட்டு ஊட்டிக்காரன் சமாச்சாரம் சார்.”

“பதினைஞ்சு நாளா படிச்சேன். வரும்.”

“படிச்சீங்களா? அப்ப சரி.” அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

பீட்ரூட் விதை என்று நாம் நினைப்பது ஒரு விதை அல்ல, சின்னப் பொட்டலம். ஒன்றை ஊன்றினால் மூன்று நாலு முளைக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். இது தெரிந்தும் என்னால் பிடுங்க முடியவில்லை. இரண்டு புள்ளி இரண்டில் ஒரு துளியைப் பிடுங்கி எறிவது போல இருந்தது.

“ஒரே குழில நாலு பேரு நின்னுகினு இருந்தா எவனும் தேற மாட்டான் சார்” என்றார் மதில்காரர்.

அன்று மாலை பள்ளிவிட்டு வந்த என் மனைவி, பையைக்கூடக் கீழே வைக்காமல் பாத்திக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் நூறு நாற்றைப் பிடுங்கிப் போட்டாள். “நாற்பது பேர் கிளாஸை நான் சமாளிப்பேன். நூத்தி நாற்பது முடியாது” என்றாள். எழுந்திருக்கும்போது மதில்மேல் கையை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றாள். நான் நாற்றை எண்ணுவது போலப் பாவனை செய்தேன்.

அப்போதிலிருந்து என் காலைகள் ஒரே மாதிரி நடந்தன. எங்கள் வீட்டில் காலைக் காபி கல்யாணமான நாளிலிருந்து என் பொறுப்பு. டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் பாத்திக்குப் போய்ச் செடிகளைப் பார்ப்பேன். பிறகு காபியை ஆற்றி, டபராவின் ஓரத்தில் அவளுடைய இரும்புச்சத்து மாத்திரையை வைத்து எடுத்துப் போவேன். மாத்திரை செங்கல் நிறம். ஒருநாள்கூட மறக்கவில்லை. அவள் விழுங்கி முடித்ததும் கண்ணின் கீழிமையை இழுத்து உள்ளே சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

“மண்ணுக் கையைக் கழுவிட்டாவது பாருங்க.”

“நேத்தைக்கு இன்னைக்கு கொஞ்சம் சிவப்பு தெரியுது.”

“உங்க கை அழுத்தினதுல சிவந்திருக்கும்.”

சிவக்கவில்லை. வெள்ளைக் காகிதத்தில் லேசாக மஞ்சள் தடவியது போலத்தான் இருந்தது. பள்ளியில் அவள் வகுப்பு இரண்டாம் மாடி. ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன விடைத்தாள் கட்டைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். படிக்கட்டின் முதல் வளைவில் நின்று செல்போனை எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் வளைவில் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். போனில் ஒன்றும் வரவில்லை, கொசுவம் கலைந்திருக்கவில்லை. அவள் மேலே போய்ச் சேரும்வரை கீழே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்துவிட்டு, கட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவானது அந்த வாரம்தான். மூன்று நாள் மழை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டினேன். பாதிச் செடி சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி மண் அணைத்து எண்ணினேன், நாற்பதும் இருந்தன. மழை ஓய்ந்ததும் அவற்றில் இளம் இலைகள் சுருண்டு ஓரம் கறுக்க ஆரம்பித்தன. மறுபடி படித்தேன். காரணம் கிடைத்தது. அடுத்த நாள் காலை காபியை நீட்டிக்கொண்டே அவளுக்கு விளக்கினேன்.

“போரான்னு ஒரு சத்து. நம்ம மண்ணுல இல்லாம இல்ல, இருக்கு. ஆனா கிளிஞ்சல் இருக்கு பாரு, சுண்ணாம்பு. அது கூடச் சேர்ந்தா வேரால எடுத்துக்க முடியறதில்ல. தட்டு நிறைய சோறு, வாயைக் கட்டிப்போட்ட மாதிரி.”

“பாவம்” என்று சொல்லி அவள் மாத்திரையை வாயில் போட்டு என் காபியைக் குடித்தாள்.

தட்டையும் சோற்றையும் பற்றிய என் வாக்கியத்தை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நல்ல வாக்கியத்தை அவ்வளவு தவறான நேரத்தில் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன்.

மார்கழி தொடங்கியிருந்தது. மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு நாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி சுமாருக்குத் தூறல் நின்றபோது பின்பக்கம் போனேன். ஒரு செடியின் அடியில் மணல் விலகி, கருஞ்சிவப்பாக ஒரு தோள் தெரிந்தது. எலுமிச்சம்பழம் அளவு. சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். குனிந்து பார்த்தாள். “எங்க?” என்றாள். அப்படியே பாத்திமேல் சரிந்துவிட்டாள்.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவள் குனிந்திருக்க மாட்டாள். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது இது ஒன்றுதான். கன்னத்தைத் தட்டினேன். முகத்தில் மணல் ஒட்டியிருந்தது. உதடு எந்த நிறமும் இல்லாமல் இருந்தது. கண்ணைத் திறந்து, “ஒண்ணுமில்ல” என்றாள், மறுபடி மூடிக்கொண்டாள். என் கார் பட்டறையில் இருந்தது. போனில் வாடகை வண்டி கேட்டால், மழையில் ஒருவரும் வரத் தயாராக இல்லை. ஆம்புலன்ஸ் திருப்போரூரிலிருந்து வர வேண்டும், வழியில் தண்ணீர் என்றார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு அவர் வந்தார். இரண்டாம் ஷிப்டுக்குப் பஸ் எடுக்கும் நேரம்.

“இன்னா ஆச்சு டீச்சரம்மாக்கு?” பதிலுக்கு நிற்கவில்லை. மதிலைத் தாண்டிக் குதித்தார். “தூக்கு சார். தோளப் புடி. நம்ம வண்டி செங்கல்பட்டு வழியாத்தான் போவுது.”

“வெளி ஆள் ஏத்தக் கூடாதே...”

“கேமரா கீது, ஜிபிஎஸ்ஸு கீது, எல்லா எழவும் கீது. கேட்டா எங்க அக்கான்னு சொல்லிக்கிறேன். பேஜாரு பண்ணாம தூக்கு சார் நீ.”

ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நாங்கள் இருவர். மூவர் இருக்கையில் அவளைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. கண்ணாடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், செங்கல்பட்டு வரை.

திருக்கழுக்குன்றத்தில் இருபது இருபத்தைந்து தொழிலாளர்கள் வழக்கம்போலக் கூச்சலோடு ஏறினார்கள். எங்களைப் பார்த்ததும் குரல் அடங்கியது. ஒருவர் போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். முன்பக்க இருக்கைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், எங்களைச் சுற்றி நாலு வரிசை காலி. “அண்ணாத்த, பள்ளம் பாத்து ஓட்டு” என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். “மூடிகினு குந்துடா, எனக்குத் தெரியும்” என்றார் ஓட்டுநர். அத்தனை மெதுவாக ஒரு கம்பெனி பஸ் போய் நான் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாள் வந்தது. ஏழு புள்ளி நாலு.

ஏறவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை, ஒருநாள் தவறாமல். இறங்கியிருக்கிறது.

டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ரத்தப்போக்கு கூடியிருக்கா?”

“இல்ல டாக்டர், முன்ன மாதிரிதான்.”

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

“ஒருநாள்கூட விட்டதில்ல” என்றேன் நான். என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

“எதோட போடறீங்க?”

அவள் பதில் சொன்னாள். “காபியோட. இவர்தான் கொண்டுவந்து கொடுப்பார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். “காபி, டீ கூடப் போட்டா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராதுங்க. வயித்துக்குள்ள போகும், அப்படியே வெளியே போயிடும். தாள்ல எழுதிக் கொடுத்திருந்தேனே?”

நான் பீட்ரூட் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏதாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்று காட்ட வேண்டியிருந்தது.

“நல்ல காய். சாப்பிடுங்க” என்றார். “ஆனா சிவப்பா இருக்கறது மட்டும் ரத்தம் இல்ல.”

ரத்தம் ஏற்றிவிடலாமா என்று அவர் கேட்டபோது, படுத்திருந்தபடியே என் மனைவி, “ஒரு தடவை சரியா போட்டுப் பார்க்கறேன் டாக்டர். பொங்கல் வரைக்கும்” என்றாள். டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். ரத்தப்போக்கைக் குறைக்க வேறொரு மாத்திரை எழுதினார். வாரம் ஒருமுறை வர வேண்டும், இன்னும் இறங்கினால் பேச்சே இல்லை, அன்றே ஏற்றிவிடுவேன் என்றார்.

மாலை வீட்டுக்கு வந்து அலமாரியில் விதைப் பொட்டலத்தைப் பிரித்தேன். விதையைக் கொட்டிவிட்டுத் தாளை நீவினேன். ‘மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுடன் எடுக்கவும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ, பால் கூடாது.’ தடித்த எழுத்தில், கீழே கோடு போட்டு.

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இதுவரை சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். பயன்படுத்தும் முறை எழுதுகிறேன். எதை எப்போது அழுத்த வேண்டும், எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதுவது என் தொழில். யாரும் படிப்பதில்லை என்று இருபத்தைந்து வருடமாக மேடைபோட்டுப் புலம்பி வருபவன் நான்.

தாளைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். படித்தாள். மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “காபி நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அதற்கடுத்த நாலு வாரமும் நான் பாத்திப் பக்கம் போகவில்லை. காலை ஆறு மணிக்கு மாத்திரை, எலுமிச்சைச் சாறு. செல்போனில் மணி வைத்தேன். ஏழரைக்குத்தான் காபி. முதல் வாரம் ஏழு புள்ளி ஐந்து. ஒரு தசமம். கணக்கு டீச்சர் அந்தத் தாளை என்னிடமிருந்து பிடுங்கி, “பிழை வரம்புக்குள்ள” என்றாள். இரண்டாம் வாரம் எட்டு புள்ளி இரண்டு. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிவிடுமோ என்று இருந்தது. மூன்றாம் வாரம் ஒன்பதைத் தொட்டது. பாத்திக்கு யார் தண்ணீர் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மதிலின் மேல் ஈரமான ஒரு குழாய் தினமும் தொங்கியது.

பொங்கல் முடிந்த மறுவாரம் கடைசிச் சோதனை. ரத்தம் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே பேர் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவள் கை என் சட்டைக் கையைத் தேடி வந்தது, எங்கள் பேர் இல்லை என்றதும் போனது. கடைசியில் தாளை வாங்கியது அவள்தான். பார்த்தாள். என்னிடம் நீட்டவில்லை.

“என்ன?”

“பாஸ்” என்றாள். பத்து புள்ளி ஒன்று.

அன்று மாலை, பல நாள் கழித்துப் பாத்தியில் இறங்கினேன். நாற்பதையும் பிடுங்கினேன். இருபது கோலிக்குண்டு. பன்னிரண்டை வெட்டினால் நடுவில் கறுப்பாக அழுகல். மிச்சம் எட்டு, கடையில் வைத்தால் யாராவது வாங்கக்கூடிய பீட்ரூட்டுகள். நாலை மதில்மேல் வைத்தேன்.

“வந்துடுச்சே சார்!” என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்துடன். பஸ் விஷயத்தில் மேலாளர் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்கியதாக அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். நான் அதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். “அக்காக்கு இன்னா நம்பரு வந்துச்சு?” என்று அவர் முந்திக்கொண்டார். சொன்னேன். காயைத் துண்டில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அறுவை சிகிச்சை இரண்டரை மணி நேரம். எடுத்துவைத்திருந்த ரத்தப் பையைத் தொட வேண்டி வரவில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். ஒரே வாக்கியம். அவர் போன பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பொரியல் செய்து கொடுத்தேன், எட்டில் மிச்சமிருந்த நாலு. ஒரு வாய் மென்று, விழுங்கி, “மண்ணு” என்றாள். தட்டைக் காலி செய்தாள்.

மாத்திரை இன்னும் மூன்று மாதம் உண்டு. மறுநாள் காலை அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக எழுந்தாள். ஆறே முக்காலுக்குத்தான் மாத்திரை போட்டாள். ஏழரைக்குப் பழக்க தோஷத்தில் காபியைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே போனவன், செல்போனைப் பார்த்து நின்றுவிட்டேன்.

“கொடுங்க” என்று கையை நீட்டினாள்.

“இன்னும் பதினைஞ்சு நிமிஷம்.”

“ஆறிடும்.”

“ஆறட்டும்.”

“சூடு பண்ணினா நல்லா இருக்காது.”

“புதுசா போட்டுத் தர்றேன்.”

அவள் கையை இறக்கவில்லை. நானும் டபராவை இறக்கவில்லை. அப்படியே இருந்தோம், மணி அடிக்கும்வரை.